பன்னீர் குடித்த சிவப்புக் கார்

எனக்குக் காது குத்திய அன்று இரண்டு கார்கள் போட்டி போட்டன. ஒன்று மாமாவுடையது: என்னைவிட வயதான, இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கோயம்புத்தூரில் யாரோ கழித்துவிட்டதை வாங்கி, தன் கையாலேயே பழுது பார்த்து ஓட்டி வந்திருந்தார். மற்றது என் அப்பா, அதாவது அய்யா, வாங்கி இரண்டே வாரமான வெள்ளைக் கார். ஏழு பேர் போகலாம். சீட்டின் மேலிருந்த பாலிதீன் உறையைக்கூட அம்மா பிரிக்க விடவில்லை. ஏழு வயதில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பதால், எது உசத்தி என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"மச்சான், இது காரா, மினிபஸ்ஸா?" என்று ராமநாதபுரம் வீட்டு வாசலிலேயே மாமா ஆரம்பித்தார்.

"காலை நீட்டி உக்காரலாம் மாப்ளே. ஒங்க வண்டில நீட்டுனா ரோட்டுல இடிக்கும்" என்றார் அய்யா.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தம்பி மடியில் உட்கார்ந்துதான் நான் காது குத்திக்கொள்ள வேண்டும். தோடும் பட்டுப்பாவாடையும் பழமுமாகத் தாய்மாமன் சீர் அவர்தான் கொண்டு வர வேண்டும். கமுதிப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் அய்யாவின் பங்காளிகள் காத்திருந்தார்கள். சீர் கொண்டு வருகிறவன் மச்சான் காரில் வந்து இறங்கினான் என்றால், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

"ஏலே, இந்த வண்டி கோயில் வரைக்கும் போயிருமால?" என்றாள்.

"நீ பேசாம வாக்கா. ஒனக்கு முன்னாடி அங்கன நிப்பேன்."

நான் சிவப்புக் காரில்தான் வருவேன் என்று அடம்பிடித்து ஏறினேன். தோட்டுப் பெட்டியும், விருந்தாளிகளுக்குத் தெளிக்க வாங்கிய பெரிய பன்னீர் பாட்டிலும் என் மடியில். மாமா வண்டியை விரட்டினார். பின்னால் வந்த வெள்ளைக் கார் கண்ணாடியில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியது. அதற்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

பாதி வழியில் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. வீடில்லை, கிணறில்லை. மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

"போச்சு. இனி மச்சான் வண்டிலதான் ஏறணும்."

திரும்பிப் பார்த்தேன். நம்ப முடியவில்லை. தூரத்தில் வெள்ளைக் காரும் நின்றிருந்தது, பானெட்டைத் திறந்தபடி!

"மாமா! அய்யா வண்டியும் நின்னுருச்சு!"

மாமா அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். சூடு தணியக் காத்திருந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார். போதவில்லை. என்னிடமிருந்த பன்னீரை வாங்கி, மிச்சம் வைக்காமல் அதையும் ஊற்றினார். வண்டி உறுமிக் கிளம்பியது. என்ன ஆச்சரியம், அதே நேரத்தில் அய்யாவின் வண்டியும் சரியாகிவிட்டது.

கோயில் வாசலில் நாங்கள்தான் முதலில் போய் நின்றோம். கல்யாண வீடு போல மணத்தது கார். பங்காளிகள் எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். அய்யா வந்து இறங்குவதற்குள், புது வண்டி வழியில் படுத்துவிட்ட கதையை நான் ஊருக்கே சொல்லி முடித்திருந்தேன். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் அவரை ஓட்டித் தள்ளினார்கள்.

"புது வண்டில்ல, பழகணும்" என்று அய்யாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

காலையில் அவ்வளவு பீற்றிக்கொண்ட மாமா, அதற்குப் பிறகு தன் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காது குத்தியபோது அவர் மடியில் அலறினேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு வலித்ததற்காக என்றுதான் நினைத்தேன்.

அந்த வெள்ளைக் கார் இன்னும் எங்களிடம் இருக்கிறது. இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அந்த ஒரு நாளைத் தவிர, அது வழியில் நின்றதே இல்லை. அன்றைக்கு நான் நன்றாகத்தான் பார்த்தேன்: பானெட்டைத் திறந்து வைத்த அய்யா, ஒரு தடவைகூட அதற்குள் குனிந்து பார்க்கவில்லை. இடுப்பில் கைவைத்து, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.