எஞ்சின் கழுவிய ஞாயிறு

எனக்கு ஒன்பது வயதான அந்த ஆண்டு இத்தாலியில் அரசியல்வாதிகள் லஞ்ச வழக்குகளில் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டிருந்தார்கள். பலெர்மோ நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் ஒற்றை அறைக்கு அது ஒரு செய்தியே இல்லை. அரச ரயில்வே கம்பெனியாக மாறப்போகிறது என்பதுதான் செய்தி.

அப்பா ரயில் பணிமனையில் எஞ்சின் கழுவினார். அந்த வேலைக் கடிதத்தைக் காட்டித்தான் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் எங்கள் மூவரின் பெர்மெஸ்ஸோவையும், அதாவது இத்தாலியில் தங்கும் அனுமதியையும், புதுப்பிக்க முடியும். லிபெர்த்தா தெருவில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்த அம்மாவுக்குக் கடிதமே கிடையாது.

அப்பாவின் பொறுப்பில் ஒரு பழைய பழுப்பு நிற எஞ்சின் இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மடு மாதா படத்தை ஒட்டியிருந்தார். மன்னார் ஆட்கள் நாங்கள் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் முதலில் மாதாவைத்தான் உள்ளே கொண்டுபோவோம். காலி பண்ணும்போது கடைசியாகக் கழற்றுவதும் மாதாவைத்தான். பலெர்மோவில் மூன்று வீடு மாறியதில் எனக்கு இது அத்துப்படி.

பழைய எஞ்சின்களில் எதை வைத்திருப்பது, எதை உடைப்பது என்று பார்க்கப் புதிய அதிகாரிகள் திங்கட்கிழமை வருவதாகக் கதை. பழுப்பு எஞ்சின் போனால் அப்பாவின் வேலையும் போய்விடும்.

“வடிவா மினுக்கி வச்சா ஆருக்கு உடைக்க மனம் வரும்?” என்றார் அம்மா. பெருநாளுக்கு முன் கோயில் கழுவுகிற மாதிரி, ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பமாகப் புறப்பட்டோம். பணிமனை மேற்பார்வையாளர் எங்களை உள்ளே விட்டார். எனக்கு ஒரு பை நிறைய பன் தந்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

துடைக்கச் சிஞ்ஞோரா கொடுத்த படுக்கை விரிப்பு இருந்தது. நீதிபதிகளை மாஃபியா குண்டு வைத்துக் கொன்ற கோடையில் அதில் ‘போதும்’ என்று எழுதிப் பால்கனியில் தொங்கவிட்டிருந்தார். கோடை முடிந்ததும் அது எங்களுக்குக் கந்தலாக வந்தது. ‘போதும்’ கரிக்கறுப்பாகும்வரை நான் தேய்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

நடுவில் மேற்பார்வையாளர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, தோளில் கைவைத்து நெடுநேரம் பேசினார்.

“என்ன சொன்னவர்?” என்று அம்மா கேட்டார்.

“வடிவாக் கழுவட்டாம்,” என்றார் அப்பா. திரும்பிப்போய், யாரும் குனிந்து பார்க்காத சக்கரங்களின் உட்புறத்தைக்கூட விடாமல் தேய்த்தார்.

பொழுது சாயும்போது எஞ்சின் பளபளத்தது. அப்பா மட்டும் மேலே ஏறிப் போய் மாதா படத்தோடு இறங்கினார்.

“ஏன் அப்பா கழட்டினீங்கள்?”

“படமெல்லாம் ஊத்தை, பிள்ளை. வீட்டை கொண்டுபோய்த் துடைப்போம்.”

படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பெர்மெஸ்ஸோ முடிந்த மாதம் அவர் தனியாக ஜெர்மனிக்குப் போனதும், பிறகு குரலாக மட்டும் தொலைபேசியில் வந்ததும் பின்னால் நடந்தவை.

அன்று வழி முழுக்க நான்தான் கதைத்தேன். இவ்வளவு வடிவான எஞ்சினை யாரும் உடைக்கமாட்டார்கள், நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றேன். மூன்று வீடு மாறிய பிள்ளைக்கு அந்தச் சட்டைப்பையைப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா ஒருமுறை அதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓம் பிள்ளை,” என்றார்.