பளபளத்துப்போன வாட்ச் செயின்

என் வீட்டுக்காரருக்கு எது மங்கலாக இருந்தாலும் பொறுக்காது. பம்ப் செட் கம்பெனியில் பாலிஷ் போடும் வேலை. முகம் தெரிகிறவரை தேய்த்தால்தான் உலோகத்துக்கே மரியாதை என்று நினைக்கிற ஆள். கல்யாணமான வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஸ்பேனர், திருப்புளி, லேத் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். இவர் தன் வாட்சையும் பூஜையில் வைக்க நினைத்தார். வைக்கிறதுதான் வைக்கிறோம், சுத்தமாக வைப்போமே என்று ஸ்டீல் செயினைக் கழற்றிப் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்துவிட்டார்.

துடியலூர் வீட்டுக்கு வந்ததும், ஒரு கையில் பொரியும் மறு கையில் வாட்சுமாக நின்று, "பாரு அம்மணி, மூஞ்சி தெரியுது" என்றார். என் மூஞ்சி தெரியத்தான் செய்தது. அது சிரிக்கவில்லை.

அந்த வாட்ச் கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. தோட்டங்காடு உள்ள இடத்தில் என்னைக் கொடுக்காமல் பட்டறை வேலைக்காரருக்குக் கொடுத்ததில் அண்ணனுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் சீரில் குறை வைக்கக்கூடாது என்று கோயமுத்தூர்க் கடைவீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, மினுக்காத செயின் போட்ட வாட்சாகப் பார்த்து எடுத்தார். நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும். வெயில் பட்டாலும் கண்ணைக் குத்தாமல், சாம்பல் பூத்தாற்போல அடக்கமாக இருக்கும். இப்போது அது சர்க்கஸ்காரன் கையில் கிடப்பதுபோல் மின்னியது. தலை தீபாவளிக்குப் பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊருக்குப் போகவேண்டும். அசலை விற்றுவிட்டு மட்டமானதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் அண்ணன் நினைப்பார். ஏற்கெனவே முறைப்பு. இதுவும் சேர்ந்தால் பிறந்த வீட்டில் நான் யார் பக்கம் நிற்பது? எனக்கு அழுகையே வந்தது.

வாட்ச் கடைக்காரரிடம் கொண்டுபோனோம். "நல்லா மின்னறத எவனாச்சும் மங்க வெப்பானுங்களா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, நானே பார்க்கிறேன் என்று தேங்காய் நாரும் செங்கல் பொடியும் எடுத்து உட்கார்ந்தேன். பாத்திரம் தேய்த்துப் பழகிய கை வட்டமாகத்தானே சுற்றும்? செயின் முழுக்கச் சுழி சுழியாகக் கீறல் விழுந்தது. இவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கிணற்றடிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். அன்றைக்கு ரசத்தில் உப்பைத் தாராளமாகப் போட்டேன்.

மறுநாள் அவரே செயினைப் புரட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். பூட்டின் உள்மடிப்பில் சக்கரமும் எட்டவில்லை, என் நாரும் எட்டவில்லை. அங்கே பழைய கோடுகள் அப்படியே இருந்தன, எல்லாம் ஒரே திசையில்.

ஞாயிற்றுக்கிழமை பலகையில் சின்ன ஆணிகள் அடித்துச் செயினை நீட்டிக் கட்டினோம். வாங்கும்போதே மின்னிய ஓரங்களில் கீறல் விழாமலிருக்கக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டினார். மரத்துண்டில் இரும்பு தேய்க்கிற எமரித் தாளைச் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தவர், பழக்கதோஷத்தில் முன்னும் பின்னும் இழுத்தார்.

"ஏனுங்க, தலை வாரும்போது சீப்பத் திருப்பி மேல இழுப்பீங்களா? ஒரே பக்கமா இழுங்க."

"அட, ஆமா கண்ணு."

ஓர் இழுப்பு, கையைத் தூக்கு, மறுபடி ஓர் இழுப்பு. முதலில் என் சுழிகள் மறைந்தன. பிறகு நேர்கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அவர் கை ஓய்ந்தபோது நான் இழுத்தேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்திரியை உரித்துத் துடைத்து அவர் கையில் மாட்டியபோது, கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் முடிந்து புது வேட்டியில் இவர் உட்கார்ந்திருந்தார். பாலிஷ் விஷயத்தைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லி வைத்திருந்தேன். அண்ணன் வந்தார். பார்வை நேரே மணிக்கட்டில் விழுந்தது.

"செயின மாத்துனீங்களா?"

ஒரு கண்ணியில் கோடு கொஞ்சம் ஆழமாக விழுந்திருந்தது. அது எப்படித்தான் அவர் கண்ணில் பட்டதோ.

"இல்லீங்க மச்சான். பூசைக்கு வெக்கறேன்னு பாலிஷ் போட்டுக் கெடுத்துப்போட்டனுங்க. அப்பறம் நானும் அம்மணியும் பலகையில கட்டி, தேச்சுச் சரி பண்ணுனோம்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார் மனுஷர். அண்ணன் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கையில் அவருடைய பழைய வாட்ச் இருந்தது. தோட்டத்து வேலையில் உரசி உரசிக் கீறல் மயமாகியிருந்தது. கூடவே மோட்டார் ரூமில் கிடந்த எமரித் தாளும் ஒரு பலகையும். இவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எங்கிருந்து தொடங்கோணும்?" என்று கேட்டார்.

இலை போட்டுவிட்டு அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணன் தலையைத் தூக்காமல் சொன்னார்: "நீங்க சாப்புடுங்கம்மா. எனக்கும் மாப்ளைக்கும் வேலை கெடக்குது."