லண்டனில் காயும் பேண்டேஜ் துணி

போலந்தில் நடந்த ஒரு கோடைக்கால ஆங்கில முகாமுக்குத் தன்னார்வ வழிகாட்டியாகப் போனேன். சம்பளம் கிடையாது. சோறும் படுக்கையும் உண்டு, முடிவில் ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்காகத்தான் போனேன். சேவை மனப்பான்மை என்றெல்லாம் கதைவிட மாட்டேன். அதைக் கொண்டுவந்தால் ஆங்கிலத் துறைக்கு என்னைத் தலைவியாக்குவதாக, ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் தாளாளர் சொல்லியிருந்தார்.

ராஜபாளையத்தில் நான் பெட்டி கட்டும்போது அம்மா கேட்டாள்: "ஏட்டி, வெள்ளக்காரப் பிள்ளைகளுக்கு நீ போயி இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கியா? அம்புட்டுப் பஞ்சமா அங்க?"

"வெள்ளையா இருக்கவிய எல்லாரும் இங்கிலீஷ்காரவியளா? அவியளுக்கும் நம்மள மாதிரி அது வாயில நுழையாதும்மா" என்றேன்.

முகாமில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது. என் குழுவில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, பேசாமலே சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் முழங்காலில் அடிபட்டு வந்தாள். கட்டுப் போடும்போது, இந்த மாதிரித் துணியை எங்கள் ஊர்ப்பக்கம்தான் நெய்கிறார்கள் என்று சும்மா சொல்லிவைத்தேன். பிடித்துக்கொண்டாள். எங்கள் நாய், வெயில், பஸ், பூ என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். இரண்டே வாரத்தில் வாயை மூடமுடியவில்லை.

கடைசி நாள் பெற்றோர் முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் பேசவேண்டும். அவள் என் ஊரைப் பற்றி எழுதியிருந்தாள். அதைப் படித்த முகாம் இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லண்டன் ஆசிரியர்கள் என்று சொல்லித்தான் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறோம். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். விழா முடிந்ததும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார்.

கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. நானே பென்சிலை எடுத்து, ராஜபாளையம் இருந்த இடத்திலெல்லாம் லண்டன் என்று எழுதினேன். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையேறினாள். "லண்டனில் வெயில் மண்டையைப் பிளக்கும்" என்று ஆரம்பித்தாள். "லண்டன் நாய்கள் வெள்ளையாக இருக்கும், மூக்கு மட்டும் ரோஸ். லண்டனில் பேண்டேஜ் துணியை வெட்டவெளியில் காயப்போடுவார்கள். லண்டன் பெண்கள் தலைநிறைய மல்லிகைப்பூ வைப்பார்கள். லண்டனில் பஸ் ஏறினால் அரைமணியில் அடுத்த ஊர். அங்கே பால்கோவா கிடைக்கும்."

முன்வரிசை அப்பாக்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒரு மனுசனாவது சிரிக்கவேண்டுமே! இயக்குநர்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். அவளுடைய அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகளின் உச்சரிப்பு அப்படியே லண்டன்" என்று உருகினாள். எங்கள் பஸ் ஸ்டாண்டில் கேட்கிற அதே உச்சரிப்பு.

பிறகு அந்தப் பெண் ஒரு நோட்டை நீட்டினாள். கடிதம் போடுவாளாம், முகவரி வேண்டுமாம். அம்மாக்காரி நகரவில்லை. சான்றிதழ் இன்னும் இயக்குநர் கையில் இருந்தது. பன்னிரண்டாம் நம்பர் வீடு, வாயில் வந்த ஒரு தெரு, லண்டன் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் அதை இரண்டுதரம் வாசித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

இப்போது நான் துறைத் தலைவி. அந்தப் பிள்ளை கடிதம் போட்டாளா என்று வீட்டில் கேட்டால், போலந்தில் தபால் மோசம் என்று சொல்கிறேன்.