பசுவுக்கு மூன்று வாளி

துணுக்காயிலிருந்து வெளியேறும் செம்மண் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, பைக்குள் உடுக்க இரண்டு சாரம், ஒரு சவரக்கத்தி. என்னை வேலையால் நிறுத்தி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. களவெடுத்ததற்கோ குடித்ததற்கோ நிறுத்தியிருந்தால் வழியில் கேட்பவர்களுக்குச் சொல்லக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்ததற்காக நிறுத்தினார்கள்.

நான் அந்த வீட்டில் மாடு பார்த்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாய்க்கால் காணியில் குடியேறி, நெல் விதைத்து நிமிர்ந்த குடும்பம். ஐயா, அம்மா, பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்த ஒரே மகள். மருமகன் கட்டாரில். பின்னேரத்தில் கைத்தொலைபேசியில் பிள்ளையைப் பார்த்து "வடிவாய் வளந்திட்டான்" என்பார். தொலைபேசியில் நிறை தெரியாது என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

ஒரே கிழமையில் அங்கே இரண்டு பிரசவம். மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை, பசுவுக்குக் கொட்டிலில் நாம்பன் கன்று. பசு ஐயாவின் நிர்வாகம். மகள் அம்மாவின் நிர்வாகம்.

ஐயா விஞ்ஞானி. "கன்று போட்ட மாட்டுக்குத் தண்ணி குறையக் கூடாதடாப்பா. தண்ணி இல்லாமல் பால் எங்கையிருந்து வரும்?" என்று காலையிலேயே மூன்று வாளி வைக்கச் சொல்வார். தவிடும் பயறும் போட்டுக் கஞ்சி, அகத்தியும் முருங்கையும் கட்டுக்கட்டாக, வெட்டிய பூசணிக்காய். அதையெல்லாம் காய்ச்சக் கொட்டிலுக்குப் பின்னால் தனி அடுப்பே இருந்தது.

அறைக்குள் வேறு ஆட்சி. பூசணி குளிர். கீரை தின்றால் பிள்ளைக்கு வயிற்றால் போகும். பருப்பு வாயு. பப்பாசியின் பேரையே எடுக்கக் கூடாது. தண்ணீர் குடித்தால் தாய்க்கு வயிறு ஊதும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். ஆகவே மல்லி அவித்த தண்ணீர் காலையில் அரைத் தம்ளர், மாலையில் அரைத் தம்ளர். சாப்பாடு வெள்ளைச் சோறு. அதைத் தீட்டிய தவிடு பசுவுக்கு. தாதிமார் சொல்லிவிட்டதையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பாரம் அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு பின்னேரம் குடும்பநல மாது ஸ்கூட்டரில் வந்தார். பிள்ளையைத் தராசில் தூக்கிப் பார்த்தவரின் முகம் மாறியது.

"நிறை இறங்கியிருக்கு. பிள்ளை எத்தினை தரம் சலம் போய்த் துணி நனைக்குது?"

"இடைக்கிடை போறான் மிஸ்."

"உடுப்புக் கொடியைப் பாத்தாலே தெரியுது, பிள்ளையின்ர ரண்டு துணிதான் கிடக்கு. கொதிச்சாறின தண்ணி தாய்க்குத் தாகம் தீரக் குடுங்கோ. கீரை, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் குடுங்கோ. பிள்ளையை அடிக்கடி நெஞ்சில போடுங்கோ. மூண்டு நாள் கழிச்சு வருவன். அப்பவும் ஏறாட்டிப் பெரியாஸ்பத்திரிதான்."

"ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று அம்மா தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். ஸ்கூட்டர் படலையைத் தாண்டியதும் ஓம் முடிந்தது. "கலியாணமே கட்டாதவா, பிள்ளை வளக்க எனக்குப் படிப்பிக்கிறா" என்று சொல்லிவிட்டு, பிள்ளைக்கு ரின்னில் வரும் பால்மா வாங்கும் யோசனையில் இறங்கினார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. வெறும் தேயிலைத் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு ரின் பால் என்றால் சொர்க்கம்.

அடுத்த நாள் பின்னேரம் நான் பசுவுக்கு வாளியோடு போகும்போது யன்னலில் மகள் நின்றாள்.

"அண்ணை, அந்த வாளியில ஒரு கோப்பை தாங்கோவன்."

"இது மாட்டுக்கு அள்ளினது, தங்கச்சி."

"மாட்டுக்கெண்டாலும் தண்ணிதானே."

உதடு வெடித்திருந்தது. கையில் பிள்ளை சோர்ந்து, அழக்கூடப் பஞ்சிப்பட்டதுபோலக் கிடந்தது. என் தேத்தண்ணீருக்காகக் கொதிக்கவைத்து ஆறிப்போன கேத்தல் மாட்டு அடுப்பில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மூச்சு விடாமல் குடித்தாள். எனக்குப் பின்னால் அம்மா.

"என்னடா செய்யிறாய்?"

"தண்ணி குடுக்கிறன், அம்மா. மாட்டுக்கு மூண்டு வாளி, தங்கச்சிக்கு அரைத் தம்ளர். பால் மட்டும் ரண்டு பேரிட்டையும் கேக்கிறியள்."

"என்ர பிள்ளையை மாடெண்டுறியோ?"

"இல்லையம்மா. மாடெண்டால் இதுக்குள்ள வயிறு நிறையக் குடிச்சிருக்கும்."

அதோடு என் உத்தியோகம் முடிந்தது.

சந்திக்கு வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. தரிப்பிடத்து மரவாங்கில் படுத்தேன். விடிய ஐயா சைக்கிளில் வந்து நின்றார்.

"ஏறடா."

"எங்கை, ஐயா?"

"மாடு ஒருத்தரையும் மடியில கை வைக்க விடுதில்லை. என்ர மனிசி போனவா, வாளியை உதைஞ்சு தள்ளிப்போட்டுது. நான் போனனான், எனக்கும் உதை."

"மாட்டுக்குமோ கோவம்?"

"நக்கல் விடாதை. மனிசி சொல்லிவிட்டவா: மாடு பாக்கிறதெண்டால் வரட்டாம், நியாயம் கதைக்கிறதெண்டால் அப்பிடியே போகட்டாம்."

"பிள்ளை?"

ஐயா சைக்கிள் மணியைத் துடைத்தார். அதில் ஊத்தை ஒன்றும் இருக்கவில்லை. "இரவு முழுக்க முனகிக்கொண்டு கிடந்தவன். நாளைக்கு மிஸ் வருவா. ஏறாட்டி, மனிசி என்ன சொன்னாலும் நானே தூக்கிக்கொண்டு போவன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாட்டு அடுப்புப் பக்கம் மனிசி வாறேல்லை. சாணி மணமாம். மாட்டுக்கு வைக்கிற பூசணி, கீரை, பயறு எல்லாத்திலயும் கொஞ்சம் எடுத்து, வேற சட்டியில உப்புப் போட்டு அவிச்சு யன்னலுக்குள்ளால குடு. கொதிச்சாறின தண்ணியும் குடு. நான் மனிசியை முன்பக்கம் மறிச்சுக் கதைச்சுக்கொண்டிருப்பன்."

"உங்கட வீடு தானே ஐயா, நீங்களே சொன்னால் என்ன?"

"நீ கலியாணம் கட்டினனியோ?"

"இல்லை."

"அதுதான் கேக்கிறாய்."

அன்று காலை நான் எடுத்த வேலை, வெளியில் கேட்டால், மாடு பார்ப்பது. பசு காலை அசைக்காமல் பால் விட்டது. அடுப்பு மூட்டிக் கேத்தலை ஏற்றினேன். பக்கத்தில் பூசணி அவிந்தது. உடுப்புக் கொடியில் ஒரே ஒரு சின்னத் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மாட்டுக் கயிற்றை எடுத்து வேம்புக்கும் கொட்டிலின் கப்புத் தூணுக்கும் நடுவில் இழுத்து, இன்னொரு கொடி கட்டினேன்.

"கிடக்கிறது ஒரு துணி. உனக்கு ரண்டு கொடியோ?" என்றார் ஐயா.

"இனி ஒண்டு காணாது, ஐயா. அம்மா கேட்டால் மாட்டுக்கெண்டு சொல்லுங்கோ" என்றேன்.