வேண்டாவின் தகரச் சீட்டு

இட்டுக்கட்டிச் சொல்லி யாரையும் பயமுறுத்துகிற வயது எனக்கு இல்லை. 2002-ஆம் வருஷம், மே மாதம் 19, ஞாயிற்றுக்கிழமை. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குத் தெற்கே ஒரு பனந்தோப்பில், பட்டப்பகலில் நடந்தது இது. நடந்தது என் வீட்டுக்காரர் ஞானதாஸுக்கு. என்னிடம் இரண்டே முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இனி சொல்வதற்கு நான் மட்டும்தான்.

அவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. புதுப்பட்டினத்தில் வாடகை வீடு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மற்ற ஆண்கள் கறிக்கடைக்குப் போவார்கள். இவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் பழைய ஆட்களை விசாரிக்கக் கிளம்பிவிடுவார். எல்லாம் எங்கள் சபைக்கு வந்த ஒரு கடிதத்தால். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்திலிருந்து செங்கல்வராயன் என்பவர் எழுதியிருந்தார். வயது எழுபத்தெட்டு. அவருடைய அம்மா வேண்டா 1906-இல் இந்தப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவள். அவள் கல்லறை மண்ணை அவள் பிறந்த வீட்டில் போட வேண்டுமாம். தான் கண்ணை மூடுவதற்குள் அந்த வீட்டைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

கூடவே கப்பல் பதிவின் நகல். பெயர் வேண்டா. தகப்பன் சின்னான். வயது பத்தொன்பது. ஊர் சதுரங்கப்பட்டினம். அடையாளம்: இடது புருவத்தின் மேல் தழும்பு.

சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த அன்று இவர் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"மேரி! தாத்தாவோட அக்கா ஒண்ணு கப்பலேறிப் போச்சுன்னு அப்பா சொல்லும்ல? அதுதான் இது. தாத்தா பேரு போட்டுக் கீது. தேவசகாயம், முன்பெயர் மண்ணாங்கட்டி, தகப்பன் சின்னான்!"

"மண்ணாங்கட்டி பேரனா நீங்க? அதான் பாத்தேன்," என்றேன்.

அன்றைக்கே செங்கல்வராயனை 'மாமா' என்று கூப்பிட்டுப் பதில் எழுதினார். ஆகஸ்டில் மாமா வருவதாக முடிவானது. வீடு இருந்த இடம்தான் இன்னும் தெரியவில்லை.

மே 19 அன்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் கையை நீட்டி, "சின்னான் கொல்லையா? அதோ, பனந்தோப்பாண்ட," என்றார். இவர் தோப்புக்குள் நுழைந்தபோது மணி 12.10. கடல் பக்கத்திலேயே இருந்தும் காற்று இல்லை. ஓர் ஓலைகூட அசையவில்லை. நடுவில் செங்கல் சுவர் எழுப்பிய ஒரு கிணறு. சுவரின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரைத் தேடிகினு வந்தே?" திரும்பாமலே கேட்டாள்.

"வேண்டான்னு ஒருத்தங்க. கப்பலேறிப் போனாங்க. அவங்க வூடு..."

"ஏறல."

"இன்னாம்மா?"

"அவ ஏறல."

இவருக்குச் சிரிப்பு வந்தது. "காயிதம் கீதும்மா. வெள்ளைக்காரன் எழுதினது."

"கப்பல்ல ஏத்தினவன் மூஞ்சைப் பாத்தானா? கழுத்துல தொங்கற தகரத்தைப் பாத்தான். எந்தத் தகரமோ அதான் பேரு."

அந்தக் காலத்தில் டாக்டர் பார்த்துத் தேறினவர்கள் கழுத்தில் நம்பர் போட்ட தகரச் சீட்டைக் கட்டிக் கப்பலுக்கு அனுப்புவார்களாம். டர்பன் கடிதத்தில் படித்துத்தான் இவருக்கே தெரியும்.

இவளுக்கு எப்படி?

கிணற்றுக்குள் சத்தம் கேட்டது. தொளக்... வாளி தண்ணீரில் விழுகிற மாதிரி. மணி 12.14.

"செங்கல்பட்டுல தகரம் கட்டினாங்க. தம்பியை ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்..."

வந்தேன்.

இவர் பேனா நின்றுவிட்டது.

"என்னோட வந்தவ தகரத்தை மாட்டிகினு போய்ட்டா. பேரும் அதோட போச்சு." தலைமுடியைப் பிழிந்துகொண்டே, "மண்ணாங்கட்டி அழுதானா?"

தாத்தாவின் அந்தப் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

"அவங்க... மகன் வர்றாரு. கல்லறை மண்ணு எடுத்துகினு..."

"வரட்டும்."

திரும்பினாள்.

இடது புருவம்... தழும்பு.

"நானும் பாக்கணும்."

தொளக்...

சுவரில் யாரும் இல்லை.

கிணற்றை எட்டிப் பார்த்தார்.

மணல்.

விளிம்பு வரைக்கும் காய்ந்த மணல். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பனங்கன்று.

மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். எழுந்ததும் முதல் வேலையாக, அம்மாவின் போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லி டர்பனுக்கு எழுதினார். ஜூன் கடைசியில் வந்தது. நான்தான் உறையைப் பிரித்தேன். முகத்தை நேராக வைத்து எடுத்த படம். புருவம் வழுவழுவென்று இருந்தது. தழும்பு இல்லை.

அதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடப்பார். "அப்போ இவரு நமக்கு யாரு மேரி? இந்த வயசுல, 'உங்கம்மா வேற யாரோ'ன்னு சொல்லலாமா?" என்பார்.

ஆகஸ்ட் 11. செங்கல்வராயன் வந்தார். மெலிந்த உடம்பு, பாதித் தமிழ். கல்லறை மண் வைத்த பிஸ்கட் டப்பா ஒன்றை மடியிலிருந்து இறக்கவே இல்லை. மூன்று பேரும் தோப்புக்குப் போனோம். கிணற்றுக்குப் பத்தடி இருக்கும்போது அவர் டப்பாவின் மூடியில் கை வைத்தார். இவர் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க வேணாம், மாமா."

கிழவர் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தார். கோட்டைக்கு எதிரே அலையில் இறங்கி மண்ணைக் கடலில் கரைத்தார்.

சாயங்காலம் 5.40. எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டே அவராகத்தான் பேச்சை எடுத்தார்.

"கிணத்தாண்ட வேணாம்னியே, சரியா சொன்னே மாப்ளே. அம்மாவுக்குக் கிணறு ஆகாது. தோட்டத்துல வாசல்லயே கிணறு. ஆனா சாகிற வரைக்கும் ஒரு மைல் நடந்து ஆத்துலதான் தண்ணி மொண்டாங்க. நாங்க சின்னப் பசங்க, ஏம்மான்னு கேலி பண்ணுவோம்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னா சொன்னாங்க?"

கிழவர் சிரித்தார்.

"'குனிஞ்சா... உள்ள இருந்து அவ பாக்கறா'ன்னுவாங்க."