பொறுப்பாளர் கட்டம்

பதினான்காம் எண் வீடியோ கேம் இயந்திரத்தின் பின்கதவைத் திறந்ததும் சிகுசாவின் கண்ணில் முதலில் பட்டது கதவின் உட்புறம் ஒட்டியிருந்த பழுது அட்டை. தேதி, கோளாறு, செய்த வேலை, பொறுப்பாளர் என்று நான்கு கட்டங்கள். மொத்தம் நாற்பத்தொரு வரிகள். முதல் மூன்று கட்டங்களில் இருந்தது அவள் அம்மாவின் கையெழுத்து. நான்காவது கட்டத்தில், நாற்பத்தொரு இடத்திலும், சிவப்பு மையில் வட்ட முத்திரையாக ஒரே பெயர்: குராஹாஷி.

குராஹாஷி என்பவர் அம்மா வேலை பார்த்த கேம் சென்டரின் மேனேஜர். அவர் கையில் ஸ்குரூ டிரைவரை ஒருவரும் பார்த்ததில்லை.

அம்மா ஹிசாயே பிப்ரவரியில் இறந்துபோனாள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுவாரம் சிகுசா ஒசாகாவில் ஒரு பழைய சாமான் கிடங்குக்குப் போனாள். துறைமுகச் சாலை கேம் சென்டர் மூடப்பட்டபோது அங்கிருந்த இயந்திரங்களெல்லாம் அந்தக் கிடங்குக்குத்தான் வந்திருந்தன. பதினான்காம் எண் தகடு பொருத்திய இயந்திரத்தைத் தேடி வாங்கினாள். அம்மா முதன்முதலில் திறந்த இயந்திரம் அதுதான்.

அம்மாவின் தம்பி மிட்சுகு மாமா தன் சின்ன டிரக்கில் அதை வகயாமாவில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாசலில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா ஒருத்தியாவே இதைச் சாய்ச்சு நகத்துவா. நாம ரெண்டு பேரு, கூட ஒரு டிரக்கு. அப்பவும் மூச்சு வாங்குது."

"பேசாம தூக்குங்க, மாமா."

"பேசாம தூக்கினா செத்துருவேன்."

அம்மா படுத்திருந்த அறையில் பாய்க்கு மேல் பலகை போட்டு நிறுத்தினார்கள்.

சிகுசாவின் வேலை மருத்துவமனைகளில் எக்ஸ்ரே கருவிகளைப் பழுதுபார்ப்பது. மூன்று வாரம், விடுமுறை நாட்களில் மட்டும், இதைப் பார்த்தாள். உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினாள். துருவேறிய காசுப் பெட்டியைக் கழற்றித் தேய்த்தாள். பட்டன்கள் பதித்த விளையாட்டுப் பலகையை வெந்நீர்த் துணியால் துடைத்தாள். பல வருடத்துச் சிகரெட் கறை தேநீர் நிறத்தில் வந்தது. வயர்க் கட்டுகளை மட்டும் தொடவில்லை. எல்லா முடிச்சுகளும் இடமிருந்து வலமாக விழுந்திருந்தன. அம்மா இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அடித்து எழுத்தை மட்டும் வலக்கைக்கு மாற்றினார்கள். மற்ற வேலையெல்லாம் கடைசிவரை இடக்கையில்தான்.

முப்பத்தொன்றாம் வயதில் அம்மா அந்த கேம் சென்டரில் சேர்ந்தாள், பகுதிநேர ஊழியராக. கூட்டுவது, சாம்பல் கிண்ணம் கழுவுவது, சில்லறை மாற்றித் தருவது. இயந்திரம் பழுதானால் கம்பெனி ஆள் வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை "பழுது" என்று தாள் ஒட்டி வைப்பார்கள். ஒருநாள் அம்மா பதினான்காம் எண்ணின் தாளைக் கிழித்துவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். உள்ளே மடித்துச் சொருகியிருந்த வரைபடத்தை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். புரியாத குறிகளைப் பக்கத்துத் தெரு ரேடியோ கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டாள். அந்த வாரமே அது ஓடியது. அதன்பின் கம்பெனி ஆளை யாரும் கூப்பிடவில்லை. இருபத்தாறு வருடம்.

பதவி மட்டும் மாறவில்லை. பகுதிநேர ஊழியரின் பெயர் பொறுப்பாளர் கட்டத்தில் வரக்கூடாது என்பது தலைமை அலுவலக விதி. அதனால் குராஹாஷி, கையெழுத்துக்குப் பதில் குத்தும் தன் பெயர் முத்திரையை அம்மாவிடமே கொடுத்து வைத்திருந்தார். விரல்மூட்டெல்லாம் ஈயம் பற்றவைத்த கறையோடு நின்று, அம்மா அவர் பெயரைத் தானே குத்துவாள்.

"உன் பேரைப் போட்டா என்னம்மா?" என்று சிகுசா ஒருமுறை கேட்டாள். அப்போது அவள் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

"அந்தக் கட்டம் எனக்கு இல்லடி" என்று சிரித்தாள் அம்மா.

அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் எரிகிறது. அதைவிட எரிவது இன்னொன்று. அதே கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் சிகுசா எழுதியது: துப்புரவு வேலை.

போன வாரம் முடிவெட்டும் கடையிலிருந்து மாமா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். நகர மண்டபத்தில் கண்காட்சி. துறைமுகச் சாலை கேம் சென்டரின் முப்பது ஆண்டுகள். கீழே பெரிய எழுத்தில்: "தன் கைகளாலேயே இயந்திரங்களை வாழவைத்த மேனேஜர் குராஹாஷி பேசுகிறார்."

"தன் கைகளாலேயே" என்பதை சிகுசா இரண்டு முறை படித்தாள்.

புதன்கிழமை சிகுசாவுக்கு விடுமுறை. காலையில், மாமாவும் வீட்டில் இருந்தபோது, குராஹாஷியே வந்தார். எழுபது வயது, தேய்த்த சட்டை, கையில் பயத்தம் பூரணம் வைத்த பன் பெட்டி. அம்மாவின் படத்துக்கு முன் வத்தி ஏற்றி, மணி தட்டி, நீளமாகக் கும்பிட்டார். பிறகு அடுத்த அறையைப் பார்த்தார். சிகுசா அப்போதுதான் திரையில் வரும் படத்தின் நிறத்தைச் சரிசெய்துவிட்டு இயந்திரத்தை அணைத்திருந்தாள். பின்கதவு திறந்தே இருந்தது.

"அடடா, பதினாலாம் நம்பர்! ஓடுதா?"

"ஓடுது."

"கண்காட்சிக்கு இதைக் குடுங்க, சிகுசா. அந்த அட்டையோட. நம்ம சென்டர்ல எப்படி வேலை நடந்துச்சுன்னு ஜனங்க பார்க்கணும்."

"அட்டையில உங்க பேர்தான் இருக்கு, சார்."

"ஆமா, பொறுப்பு என்னுதுதானே. உங்கம்மா நல்ல ஒத்தாசை. நான் சொல்லச் சொல்ல அழகா எழுதுவாங்க."

மாமா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். சிகுசா அட்டைக்கு அருகில் போய் ஒரு வரியைச் சத்தமாகப் படித்தாள்.

"'சூடானால் படம் நடுங்குகிறது. மூன்றாம் மூட்டில் விரிசல். மறுபடி ஈயம்.' இது நீங்க சொன்னதா?"

"நானாத்தான் இருக்கும்."

"அந்த மூணாம் மூட்டு எங்க இருக்கு? காட்டுங்க."

குராஹாஷி சிரித்தபடி குனிந்தார். "இங்கதான் எங்கயோ..." என்று வெறுங்கையை உள்ளே நீட்டினார். விரல் நேராகப் பிக்சர் ட்யூபின் ரப்பர் மூடிப் பக்கம் போனது.

சிகுசா அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"அதுக்குள்ள இன்னும் கரண்ட் இருக்கு. பிளக்கைப் புடுங்கினாலும் தங்கி நிக்கும். முதல்ல அதை இறக்கிட்டுத்தான் கையே வைக்கணும். இதைத் திறக்கிற எவனுக்கும் முதல் நாள் தெரியவேண்டிய விஷயம் இது, சார்."

"விட்டிருக்கலாம்ல, சிகு" என்றார் மாமா. "வத்தி ஏத்த வந்தவருக்கே ஒரு வத்தி ஏத்தியிருப்போம்."

குராஹாஷியின் முகம் வெளுத்தது. கையை மார்போடு வைத்துக்கொண்டார். "விதி அப்படிம்மா. பகுதிநேர ஆளுங்க பேரு அந்தக் கட்டத்துல வரக்கூடாது. நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப விதி. இப்பதான் தலைமை அலுவலகமே இல்லையே. இந்த நோட்டீசுல எழுதினது எந்த விதி?"

குராஹாஷி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இயந்திரத்தை எடுத்துக்கிட்டுப் போங்க. அட்டையையும் தரேன். திருத்திக் குடுங்க."

"திருத்தறதுன்னா?"

"உங்களுக்குத் தெரியாததா? தப்பு மேல ரெண்டு கோடு. தப்பு பண்ணவரோட முத்திரை அது மேல. பக்கத்துல சரியான பேரு. பேரை நான் எழுதறேன்."

"முத்திரை கொண்டுவரலையே."

"காருல இருக்கும், பாருங்க" என்றார் மாமா. "முத்திரை இல்லாம எந்த மேனேஜர் வீட்டை விட்டு வெளிய வந்தான்?"

இருந்தது.

சிகுசா அட்டையை ஓரம் கிழியாமல் உரித்து மேசையில் வைத்தாள். அவர் கோடு போட்டார், குத்தினார். அவள் பக்கத்தில் எழுதினாள்: ஓவுரா ஹிசாயே. இரண்டாவது. மூன்றாவது. அறையில் முத்திரை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறாவதில் அவர் நிமிர்ந்தார். "மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே கோடா இழுத்துட்டா என்ன?"

"அம்மா ஒவ்வொரு பழுதையும் தனித்தனியாத்தான் பார்த்தாங்க."

பதினொன்றாவது முடிந்ததும் அவர் பேனாவை மூடினார். காது சிவந்திருந்தது.

"இவ்வளவு அவமானம் எனக்குத் தேவையில்ல. உங்கம்மா ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. சிரிச்ச முகமாவே இருந்தாங்க."

"இருந்தாங்க. அதனாலதான் நான் கேக்கறேன்."

அவர் எழுந்தார். அவசரத்தில் அம்மாவின் படத்துக்கு மட்டும் தலைகுனிந்தார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மாமா அட்டையை எட்டிப் பார்த்தார். "மிச்சத்துக்கு நீயே கோடு போட்டுடு. எவன் பார்க்கப் போறான்?"

"நான் போட்டா அது திருத்தம் இல்ல, மாமா. கிறுக்கல்."

பேனா அவள் கையில்தான் இருந்தது. கோடு போட்டுவிடத்தான் தோன்றியது. ஆனால் இந்த நாட்டில் ஒரு தப்பைத் திருத்தும் உரிமைகூடத் தப்பு செய்தவனிடம்தான் இருக்கிறது. அம்மா செத்தும் அந்த ஆளின் கைக்குக் காத்திருக்கவேண்டியிருக்கிறது.

அட்டையை இரண்டு தாளுக்கு நடுவில் வைத்து உறையில் போட்டாள். வாசலில் உட்கார்ந்து ஷூவை மாட்டினாள்.

"எங்க?"

"அவர் வீட்டுக்கு."

"அடிப்பாவி, மனுசன் இன்னும் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்."

"நல்லது. வாசல்லயே பார்த்துடலாம். வண்டியை எடுங்க."

மாமா வாயில் இருந்த பன்னை முழுங்கிவிட்டுச் சாவியைத் தேடினார்.

துறைமுகத்துக்கு மேலே, மேட்டுத் தெருவில் மூன்றாவது வீடு. கார் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. குராஹாஷி கதவுச் சாவியோடு திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியும் எட்டிப் பார்த்தாள், யார் வந்திருக்கிறார்கள் என்று.

சிகுசா முதலில் அந்த அம்மாளைக் கும்பிட்டாள். பிறகு உறையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இன்னும் முப்பது இருக்கு, சார்."