அடித்தார் என்று எழுதச் சொன்னார்கள்

பத்தாவது வரை படித்த நான் சட்டத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவள் வேறு. படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

என் கணவருக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பீர்க்கன்கரணையில் அவருக்கு இன்னொரு வீடு இருப்பது போன வருஷம்தான் தெரிந்தது. கேட்டேன். "ஆமா" என்றார். அங்கே இருக்கும் அந்தம்மா கணவரை இழந்தவர். அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் இங்கே, நாலு நாள் அங்கே.

என் அண்ணன் விடவில்லை. "உள்ள தூக்கி வெச்சாத்தான் புத்தி வரும்" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். கேம்ப் ரோட்டில் மனு டைப் அடிக்கும் ஜெராக்ஸ் கடை. விஷயத்தைச் சொன்னபோது, ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவரும் நின்று கேட்டார்.

"கள்ளத்தொடர்புக்கு இருந்த அந்த செக்‌ஷனே இப்ப இல்லக்கா. கோர்ட்டு எடுத்துடுச்சு. டைவர்ஸ் வேணும்னா இதைக் காட்டலாம், போலீஸ்ல நிக்காது" என்றார் கடைக்காரர்.

"முன்னாடி இருந்துச்சே?" என்றார் அண்ணன்.

"இருந்தப்பவும் அக்கா குடுக்க முடியாது சார். அந்தம்மாவுக்குப் புருஷன் இருந்தா, அவர்தான் குடுக்கணும்."

பிறகு அவரே வழி சொன்னார். "அடிச்சார், நகை கேட்டார்னு போட்டுடலாம். நிறைய பேர் அப்படித்தான் போடுறாங்க." கம்ப்யூட்டரில் மனு தயாராக இருந்தது. பெயரும் விலாசமும் மாற்றினால் போதும். வயிற்றில் உதைத்தார், முடியைப் பிடித்து இழுத்தார் என்றெல்லாம் இருந்தது. யாரோ ஒரு பெண்ணுக்கு நிஜமாகவே நடந்திருக்கும்.

"அவர் என்னை அடிச்சதே இல்லையே."

"அதனால என்ன? நான் வேணா இப்பவே ஒண்ணு வெக்கிறேன், மச்சான் கணக்குல எழுதிக்கோ" என்றார் அண்ணன். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டால் அவர் உள்ளே போவார், வேலையும் போகும். கொஞ்ச நேரம் அந்த நினைப்பு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பேனாவைக்கூட வாங்கிவிட்டேன். ஆனால் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பத்துக் கட்டளைகளில் அவர் மீறியது ஒன்று என்றால், பொய்ச்சாட்சியும் அதே பத்தில்தான் வருகிறது.

"அடிச்ச பாரா, நகை பாரா ரெண்டையும் எடுத்துடுங்க" என்றேன். எடுத்தார். ஐயா வணக்கம், என் பெயர், விலாசம், கல்யாணத் தேதி, இப்படிக்கு. அவ்வளவுதான் மிச்சம்.

"இதுல என்னக்கா இருக்கு? எதுக்குக் குடுக்கறீங்கன்னு கேப்பாங்களே."

ஜெயிலில் போட்டால் அவர் மனசு திரும்பாது என்று எனக்கும் தெரியும். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அவரை எதிரில் உட்கார வைத்து, "நீ செஞ்சது சரியா?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அதற்காக ஒரு ஆளை ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம் வேண்டுமா? வேண்டாம் என்றுதான் இன்று தோன்றுகிறது. அதை எழுதும்போது வலிக்கிறது.

கையெழுத்துப் போடாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணனுக்குக் கோபம். "இனிமே அழுதுக்கிட்டு என் வீட்டுப் பக்கம் வராத" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

மறுநாள் புதன்கிழமை. அவர் முதல் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்தார். சாப்பிட்டார். இரண்டு சட்டை எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போனார்.